யூனோஸ் ரோட்ஸ்டர்: இந்தக் குளிர்காலத்தில் முடிந்த வேலைகள்

மொரிஷியஸில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இந்தக் குளிர்காலத்து வேலைகளை எழுதி வைக்கிறேன். வண்டி யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்று விற்றதும் இதுதான். 1989-ல் வெளிவந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின். ஜப்பானில் ஓடிய பிறகு ரீகண்டிஷன் வண்டியாகத் தீவுக்கு வந்து, கை மாறி என்னிடம் சேர்ந்தது. 940 கிலோ எடை, 120 குதிரைத்திறன்.

வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் கேட்பது டர்போ எப்போது போடப்போகிறாய் என்பதுதான். போடப்போவதில்லை. இந்த வண்டியின் சுகம் பவரில் இல்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று பிடிக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டம், முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக விழும் எடை. இத்தனையையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள். முப்பது வருடத்தில் ரப்பர் செத்து, அடித்தகடு துருப்பிடித்த பிறகு பவரை மட்டும் கூட்டுவது அந்த உழைப்பை அவமதிப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் ரப்பர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

தண்ணீர் என்றால் மழைநீர் வெளியேறும் வழி. துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழை ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைக்குப் பின்னால் சீட்பெல்ட் கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையும் தூசியும் அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியிலும் கதவுக்குக் கீழே உள்ள சில் என்னும் பெட்டித் தகட்டுக்குள்ளும் தேங்கும். கூர்பிப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று. என் வண்டி இரண்டையும் பார்த்தது.

துளையைக் குத்த இரும்புக் கம்பி வேண்டாம், ரப்பர் குழாய் கிழிந்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நரம்பு போதும். வலது பக்கம் கறுப்புச் சேறாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கீழே அதே வேகத்தில் விழுகிறதா என்று பார்த்தேன். வண்டி வைத்திருப்பவர் மழைக்காலத்துக்கு முன்னால் இதை மட்டுமாவது செய்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை.

ஆனால் வலது சில்லின் பின்முனை ஏற்கெனவே போயிருந்தது. மேலே பெயின்ட் கொஞ்சம் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் தோலியே வேலை, அதாவது கார் தகட்டு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். திருகுளியின் பிடியால் இரண்டு தட்டு தட்டினார், சத்தத்தைக் கேட்டார். “தம்பி, இது மேலே வந்த லாருய் (துரு) இல்லை. உள்ளே இருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. புட்டி பூசி மறைக்கச் சொன்னால் நான் செய்ய மாட்டேன்” என்றார். நல்ல தகடு தென்படும் வரை வெட்டி, உள்தகடு, வெளித்தகடு இரண்டையும் தனித்தனியாக வெல்டிங் செய்தார். உள்ளே மெழுகு தெளிக்கும் வேலையை நானே செய்தேன். வளையும் குழாயை உள்ளே விட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே தெளித்தால் எல்லா இடத்திலும் படும். கீழே உள்ள வடிகால் துளைகளை மெழுகு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் செய்த வேலையே வீண்.

பேட்டரியும் துருவோடு சேர்ந்த சங்கதிதான். இந்த வண்டியில் அது டிக்கியில் இருக்கிறது. சாதாரண பேட்டரி வைத்தால் அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்னும். காற்றுக்குழாய் வைத்து வெளியேற்றும் வகையோ, அமிலம் வெளியே வராதபடி மூடிய ஏஜிஎம் வகையோதான் வைக்க வேண்டும்.

அடுத்தது சஸ்பென்ஷன் புஷ், அதாவது கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் உருளை. நிறைய நேரம் இதற்குத்தான் போனது. ஒவ்வொரு கீழ்க் கையையும் சட்டத்தோடு பிடிப்பது நீளமான இரண்டு போல்ட்டுகள். அவற்றின் தலை மையம் விலகியது. திருப்பினால் கை நகர்ந்து கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் பார்க்கும் திசை) மாறும். அருமையான ஏற்பாடு. ஆனால் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டால் எதுவும் அசையாது. முன்பக்கத்தில் எல்லாம் கழன்றன. பின்பக்கத்தில் ஒன்று பிடிவாதம். துரு இளக்கும் எண்ணெயை மாலையில் அடித்து, காலையில் அடித்து, சூடாக்கி, மறுபடி அடித்தும் பலன் இல்லை. புஷ்ஷின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளேடு விட்டு அறுத்துத்தான் கையை எடுக்க முடிந்தது. சட்டத்தின் காதில் பிளேடு படாமல் அறுப்பது பொறுமை கேட்கும் வேலை. இந்த வேலையில் இறங்குபவர்கள் புது போல்ட் செட் கையில் வந்த பிறகு கழற்றத் தொடங்குவது நல்லது. கடல் கடந்து பார்சல் வரும் வரை வண்டி ஸ்டாண்டில் நிற்கும். கழற்றும் முன் போல்ட் தலை நிற்கும் கோட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது எளிது.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாம் என்று பலர் சொன்னார்கள். யோசித்து ரப்பரே போட்டேன். பாலி இறுக்கமாக இருக்கும், கிரீஸ் வறண்டால் கீச்சிடும். நம் ஊர்ச் சாலைகளின் வேகத்தடையிலும் ஒட்டுப்போட்ட தாரிலும் ரப்பர் தரும் மென்மைதான் இந்த வண்டிக்குப் பொருத்தம். ரப்பரில் ஒன்றை மறக்கக் கூடாது. வண்டி தூக்கியிருக்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் எடை தாங்கி நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். சாய்தளத்தில் ஏற்றி அப்படித்தான் செய்தேன். அலைன்மென்டில் முன்சக்கர கேம்பரை ஒரு டிகிரி அளவு உள்பக்கம் சாய்க்கச் சொன்னேன்.

பலன்? காஸ் நுவாயாலிலிருந்து ஷாமரேல் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். இப்போது கை நினைத்ததும் மூக்கு திரும்புகிறது. பிளேன் ஷாம்பேன் தாண்டி கிராண்ட் பாசின் வரை கூரையை இறக்கிவிட்டு ஓட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எஞ்சினில் பெரிய சாகசம் எதுவும் இல்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் சீல்கள் மாற்றினேன். இந்த 1.6-ல் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது என்பது ஆறுதல். ஆரம்பகால வண்டிகளில், புல்லி மாட்டியிருக்கும் கிராங்க் தண்டின் முனை குட்டை. புல்லி நழுவாமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு (சாவி) உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கினால் எஞ்சினே போகும். புல்லியில் நான்கு வெட்டுக் காடி இருந்தால் குட்டை வகை என்று அடையாளம். என்னுடையது அதுதான். ஐட்லிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. போல்ட் புதிதாகப் போட்டாயிற்று.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தது. வெடிக்கப்போகிறது என்று அது சொல்லும் விதம் அப்படி. ஜனவரி வெயிலில் போர்ட் லூயி நெரிசலில் அதைச் சோதிக்க விருப்பமில்லை, அலுமினிய ரேடியேட்டர் வந்துவிட்டது. இந்த எஞ்சின் முன்சக்கர இயக்க வண்டியிலிருந்து வந்தது, அங்கே அது குறுக்கே படுத்திருக்கும். நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் பின்னால் உள்ள சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. தண்ணீர் வழியைப் பின்பக்கம் மாற்றும் கிட் விற்கிறார்கள். டர்போ போடுபவர்களுக்கு அது அவசியம். என் உபயோகத்துக்குத் தேவைப்படவில்லை.

இலவசமாகக் கிடைத்த மேம்பாடு ஒன்று: இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். தொழிற்சாலை அளவு 10 டிகிரி. டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்ற இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து, எஞ்சின் பின்னால் உள்ள கேம் சென்சாரைத் திருப்பி 14-க்கு வைத்தேன். இங்கே பங்கில் கிடைப்பது 95 ஆக்டேன். ஷாமரேல் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தும் எஞ்சினில் தட்டல் சத்தம் இல்லை. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகத் தெரிகிறது. சென்சாரைக் கழற்றியபோதே அதன் ஓ-ரிங்கையும் மாற்றிவிட்டேன். எஞ்சின் பின்னால் எண்ணெய் கசிந்தால் பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

பிரேக்குக்கு இதே ரோட்ஸ்டரின் 1.8 லிட்டர் வகையின் முன் டிஸ்க், பிராக்கெட், பேட் எடுத்து வைத்திருக்கிறேன். டிஸ்க் விட்டம் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆகும், 14 அங்குலச் சக்கரத்துக்குள்ளேயே அடங்கும். மலையிலிருந்து இறங்கும் சாலைகளுக்கு இந்த ஒரு மேம்பாட்டை மனதார ஆதரிக்கிறேன். பிரேக் ஹோஸ் நான்கும் வந்ததும் ஒரேயடியாகப் பூட்டிவிட்டு, ஃபிட்னஸ் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூரைத் துணி மட்டும் இந்த வருடம் இல்லை. 2017-ல் மாஸ்டா இந்த முதல் தலைமுறைக்குச் சில உதிரிபாகங்களை மறுபடி தயாரிப்பதாக அறிவித்தது, அதில் துணிக்கூரையும் உண்டு. பணம் சேர்ந்ததும் வாங்குவேன். அதுவரை பின்கண்ணாடி பிளாஸ்டிக்கின் ஜிப்பைத் திறந்துவிட்டுத்தான் கூரையை மடக்குகிறேன். மடிப்பு விழுந்தால் அந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். நவம்பரில் புயல் பருவம் தொடங்குகிறது, அதற்குள் பிரேக் முடிந்துவிட வேண்டும்.