மூன்று மாதக் கணக்கு நோட்டு

கடந்த மூன்று மாதங்களாக எங்கள் வீட்டு மளிகைச் செலவை, ஒரு ரசீதையும் விடாமல், மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதி வருகிறேன். முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது 1,140 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வந்தது. அரிசியும் பருப்பும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால், வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு ரொட்டி மட்டும் வாங்கலாம் என்று பேரங்காடிக்குள் நுழைந்து, முப்பது நாற்பது வெள்ளிக்குச் சாமான்களோடு வெளியே வந்த பதினொரு மாலைகளே அந்தக் கணக்கை ஏற்றிவிட்டிருந்தன.

இப்போது ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய், மீனையும் கீரையையும் வாரத்துக்கு ஒரே முறை வாங்கிவிடுகிறோம். 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டுவிட்டதால், கடைக்குக் கடை மாறும் கிலோ விலையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்து வைக்கிறேன். 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தைக் கண்டால் விடுவதில்லை. அம்மாவின் பால்மாவில் மட்டும் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

சென்ற மாதக் கூட்டுத்தொகை 865 வெள்ளி. அடுத்து, மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைக்கலாம் என்று இருக்கிறோம்.