தீயணைப்புக் குளமும் 89ஆம் பிரிவும்

தென்னாப்பிரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கேட்பவர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவார்கள். நாட்டைச் சூறையாடிய ஊழல்வாதி என்பார் ஒரு சாரார். முறையான பள்ளிப் படிப்பின்றி மாடு மேய்த்து, ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டுகள் கிடந்து, மேலே வந்த ஒரு மனிதரை மேட்டுக்குடியினரும் பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் சேர்ந்து வேட்டையாடின என்பார் மறு சாரார். இந்தச் சண்டையில் நான் முதல் சாராரின் பக்கம்தான். ஆனாலும் நிகாண்ட்லா விவகாரத்தை அறிக்கை அறிக்கையாக, தீர்ப்புத் தீர்ப்பாகப் படித்துக்கொண்டு போகிறவருக்கு, ஜூமாவைவிட அவருக்கும் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள். தலைவர் ஒருவர் தவறு செய்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தவறுக்கு ஒரு நாடாளுமன்றமே முறைப்படி தீர்மானம் போட்டு வெள்ளையடித்தது என்பதுதான் இதில் பேசப்பட வேண்டியது, குறைவாகப் பேசப்பட்டதும் அதுவே.

நிகாண்ட்லா, குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மலைப்பாங்கான கிராமப்புறம். ஜூமாவின் குடும்பக் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. 2009 மே மாதம் அவர் பதவியேற்றதும், தலைவரின் சொந்த வீட்டுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்வது என்ற பெயரில் பொதுப்பணித் துறை அங்கே வேலையைத் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியிலேயே ஒரு வாரப் பத்திரிகை, செலவு 65 மில்லியன் ராண்டைத் தொடும் என்று எழுதியது. பிறகு அந்தத் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. நிர்வாக முறைகேடுகளை விசாரிக்கும் அரசியலமைப்புப் பதவியான பொதுப் பாதுகாவலர் பதவியில் இருந்த துலி மடோன்செலா, 2014 மார்ச் 19 அன்று தம் அறிக்கையை வெளியிட்டபோது, 215 மில்லியன் ராண்ட் செலவாகியிருந்தது. வேலை முழுவதும் முடியும்போது அது 246 மில்லியன் ஆகும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. நெல்சன் மண்டேலாவின் வீடுகளுக்குச் செலவான தொகை 32 மில்லியன் என்றும், அவருக்குப் பின்வந்த தலைவர் தாபோ இம்பெகியின் வீட்டுக்கு ஆனது ஏறக்குறைய 12 மில்லியன் என்றும் அதே அறிக்கை ஒப்பிட்டுக் காட்டியது.

தொகையைவிட அது வந்த வழி என்னை அதிகம் உறுத்துகிறது. நகர மையங்களைப் புதுப்பிப்பதற்கும், டோலமைட் பாறையால் நிலம் உள்வாங்கும் ஆபத்துள்ள இடங்களைச் சரிசெய்வதற்கும் ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்து இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஜூமா தம் சொந்தக் கட்டடங்களுக்காக அமர்த்தியிருந்த கட்டடக் கலைஞரையே, ஒப்பந்தப்புள்ளி கோராமல், அரசுப் பணிக்கும் அமர்த்தியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தமக்கு வேண்டியதைச் சொல்ல, அவருடைய ஆளே வரைபடம் போட, அரசாங்கம் பில்லைக் கட்டிய கதை இது. 2012 நவம்பரில் நாடாளுமன்றத்தில் ஜூமா, அங்குள்ள வீடுகளைக் குடும்பத்தார் தாங்களே கட்டிக்கொண்டோம், அரசாங்கம் கட்டவில்லை என்றார். வீடுகளைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம் என்றுகூட மடோன்செலா நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொண்டார். அவர் கைவைத்தது வேறு ஐந்து பொருள்களின் மீது: பார்வையாளர் மையம், அரைவட்ட அரங்கம், மாட்டுப்பட்டி, கோழிக்கூண்டு, நீச்சல் குளம். இவற்றுக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை; இவற்றுக்கான செலவில் நியாயமான ஒரு பகுதியைத் தலைவர் திருப்பிக் கட்ட வேண்டும்; எவ்வளவு என்பதைத் தேசியக் கருவூலம் கணக்கிட வேண்டும் என்பதே அவருடைய முடிவு.

ஜூமாவின் தரப்புக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது, அதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் குடியிருப்பு முன்பு தாக்குதலுக்கு உள்ளான இடம். நாட்டின் தலைவர் எங்கே தங்கினாலும் காவல் வேண்டும். மலைக்கிராமத்தில் அது செலவு பிடிக்கும் காரியம். சூலு வீடொன்றில் மாட்டுப்பட்டி என்பது ஆடம்பரமும் அன்று. அது வீட்டின் நடுவம், முன்னோரை வணங்கும் இடம். ஆனால் பட்டி இருக்கலாமா என்று மடோன்செலா கேட்கவில்லை. அதற்கு யார் பணம் கொடுப்பது என்றுதான் கேட்டார். அங்கே கட்டிய மருத்துவ வசதியையும் ஹெலிகாப்டர் தளத்தையும் வேலிக்கு வெளியே கட்டியிருந்தால், ஏழ்மை மிகுந்த அந்த வட்டாரத்து மக்களுக்கும் பயன்பட்டிருக்குமே என்றும் அறிக்கையில் எழுதியிருந்தார்.

அறிக்கை வந்த இரண்டு மாதங்களில் பொதுத் தேர்தல். ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் வென்றது. ஜூலியஸ் மலேமாவின் புதிய கட்சியான பொருளாதார விடுதலைப் போராளிகள், சிவப்புத் தொழிலாளர் உடையில் 25 பேராக அவைக்குள் வந்தது. 2014 ஆகஸ்டில், பணத்தை எப்போது கட்டுவீர்கள் என்ற கேள்விக்கு ஜூமா நேராகப் பதில் சொல்லாதபோது, அந்தக் கட்சியினர் ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று முழங்கி அவையையே நிறுத்தினார்கள். அந்தக் கட்சியின் அரசியல் எனக்கு உவப்பானதன்று. அவர்கள் அவைக்குள் நடத்தும் கூத்தும் அப்படியே. இருந்தாலும் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள்தான் கேட்டார்கள். பிறகு அவர்களே அதை வழக்காகவும் கொண்டுபோனார்கள்.

இதற்கிடையே ஆளுங்கட்சி வேறொரு வழி கண்டது. பொதுப் பாதுகாவலரின் முடிவை ஏற்பதா மறுப்பதா என்று பேசாமல், அதே விஷயத்தைக் காவல்துறை அமைச்சரை மறுபடியும் ஆராயச் சொல்வது என்பது அந்த வழி. தலைவர் நியமித்த அமைச்சர், தலைவர் பணம் கட்ட வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார். 2015 மே 28 அன்று அமைச்சர் நாதி நிலெகோ செய்தியாளர்களின் முன் தம் அறிக்கையை வாசித்தார். நீச்சல் குளம் நீச்சல் குளமன்று, தீயணைப்புக் குளம் என்றார். அரைவட்ட அரங்கம் மண் சரியாமல் காக்கும் தடுப்புச் சுவராம், ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூடும் இடமாம். பட்டியும் கோழிக்கூண்டும் இல்லாவிட்டால் மாடும் கோழியும் பாதுகாப்புக் கருவிகளைக் குலைத்துவிடுமாம். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கருதியோ என்னவோ, ஒரு காணொளியையும் போட்டுக் காட்டினார். அதில் தீயணைப்பு வீரர்கள் அந்தக் குளத்து நீரைக் குழாய் வழியே இறைத்துப் பீய்ச்சிக் காட்டுகிறார்கள். பின்னணியில் ஓர் இத்தாலியப் பாட்டு ஒலிக்கிறது. வாசித்துக்கொண்டே அமைச்சர் முகத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தலைவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை, சொல்லப்போனால் பாதுகாப்புக்கு இன்னும் செலவிட வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

நாடு சிரித்தது. ஆனால் சிரிப்போடு விட்டுவிடக் கூடிய காட்சியன்று அது. அந்த ஜூலையில் நாடாளுமன்றக் குழு நிகாண்ட்லாவுக்கே நேரில் போனது. வேலையின் தரம் மட்டமாக இருக்கிறது, கொடுத்த பணத்துக்கு ஏற்ற வேலை இல்லை என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே வெளியே வந்து சொன்னார்கள். கண்ணால் பார்த்துவிட்டு, வாயால் சொல்லியும்விட்டு, ஆகஸ்டில் அவையில் கைதூக்கும் நேரம் வந்தபோது அமைச்சரின் அறிக்கையை அப்படியே ஏற்றார்கள். அந்த வாக்கெடுப்பு இல்லையென்றால் நிலெகோவின் காணொளி வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். வேடிக்கையை அரசு ஆவணமாக்கியது நாடாளுமன்றம்தான்.

2016 பிப்ரவரியில் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, பொதுப் பாதுகாவலரின் முடிவு தம்மைக் கட்டுப்படுத்தும் என்று ஜூமாவின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாண்டுகளாக அமைச்சர்களும் உறுப்பினர்களும் தொண்டை வறளக் காத்துநின்ற நிலையை, யாருக்காகக் காத்தார்களோ அவரே நீதிமன்றத்தில் கைவிட்டார். மார்ச் 31 அன்று தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங் தீர்ப்பை வாசித்தார். 2011இல் ஜூமா அவரை நியமித்தபோது, தலைவருக்கு வளைந்துகொடுப்பார் என்று கடும் எதிர்ப்பு எழுந்ததுண்டு. அவர்தான் ஒருமித்த அமர்வின் சார்பில், அரசியலமைப்பைப் போற்றிக் காக்கும் கடமையில் தலைவர் தவறினார் என்று அறிவித்தார்.

மறுநாள் உலகப் பத்திரிகைகளின் தலைப்புகளில் ஏறியது இந்த ஒரு வரிதான். தீர்ப்பின் அடுத்த பகுதி நாடாளுமன்றத்தைப் பற்றியது: பொதுப் பாதுகாவலரின் முடிவைத் தள்ளிவைத்துவிட்டு அமைச்சரின் அறிக்கையை ஏற்ற தீர்மானம் அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது, தலைவரைத் தட்டிக்கேட்கும் தன் கடமையில் அவை தவறியது. பொதுப் பாதுகாவலரின் முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போய் அதை நீக்கக் கேட்கலாம். போகாதவரை அது கட்டுப்படுத்தும். தனக்குப் பிடித்த மாற்று அறிக்கையொன்றைத் தயாரித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் உரிமை அவைக்கு இல்லை. விவகாரத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கருவூலம் கணக்குப் போட்டு 78 லட்சத்துச் சொச்சம் ராண்ட் என்றது. ஜூமா அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டினார், வி.பி.எஸ். என்ற சிறிய வங்கியில் கடன் வாங்கி. 2018இல் அந்த வங்கியே கொள்ளையடிக்கப்பட்டுத் திவாலாகி, ஈமச்செலவுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஏழைகளின் சங்கப் பணமெல்லாம் அதில் மாட்டிக்கொண்டது தனிக் கதை.

தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள், பதவிநீக்கத் தீர்மானம் அவைக்கு வந்தது. ஆதரவு 143, எதிர்ப்பு 233. உச்ச நீதிபீடம் சொன்னது ஆளுங்கட்சியினரை ஓர் அங்குலமும் அசைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இரகசிய வாக்கெடுப்பில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நடந்தபோது 177க்கு 198 என்று இடைவெளி சுருங்கியது. கட்சிக் கொறடாவின் கண் படாத இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆளுங்கட்சியினர் எதிர்த்திசையில் வாக்களித்தார்கள் என்றால், வெளிப்படையாகக் கைதூக்கிய நாள்களில் அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2017 டிசம்பர் 29இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைத் தந்தது. தலைவரைப் பதவிநீக்கும் 89ஆம் பிரிவைச் செயல்படுத்த நாடாளுமன்றம் விதிமுறைகளே வகுக்கவில்லை, உடனே வகுக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஆணையிட்டார்கள். இம்முறை மொகோயெங் மாறுபட்டார். இது நீதித்துறை தன் எல்லையைத் தாண்டுவதாகும் என்றார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பதவிநீக்கும் அதிகாரத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இருபது ஆண்டுகளாக எழுதாமல் இருந்த அவைக்கு வேறு யார் நினைவூட்டுவது?

ஜூமா கடைசியில் போனது நாடாளுமன்றத்தாலன்று. 2018 பிப்ரவரியில் அவருடைய கட்சியின் செயற்குழு கூடி, போகச் சொன்னது. 14ஆம் தேதி இரவு விலகினார். கட்சிக்குள் தலைமை மாறியிருந்தது, அடுத்த தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பொறுப்புக்கூறல் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அவையில் 233 பேர் தூக்கிய கையைக் கட்சி அலுவலகத்தில் இறக்கினார்கள், அவ்வளவே.

காலந்தாழ்ந்த நீதிக்கு வேறு யார் யாரோ விலை கொடுத்தார்கள். அரசைத் தனியார் கைப்பற்றியது பற்றி விசாரித்த சோண்டோ ஆணையத்தின் முன் வர மறுத்ததற்காக, 2021இல் ஜூமாவுக்கு நீதிமன்ற அவமதிப்பின் பேரில் 15 மாதச் சிறை. ஜூலை 7 நள்ளிரவை ஒட்டி அவர் சரணடைந்ததும் குவாசூலு-நட்டாலிலும் கௌட்டெங் மாகாணத்திலும் மூண்ட கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டர்பனுக்கு வடக்கே, 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பீனிக்ஸ் நகரில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கடைகள் கொள்ளைபோகும் செய்தி கேட்டுத் தெருமுனைகளில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றவர்களில் சிலர் கொலையாளிகளாகவும் ஆன அந்த வாரத்தைப் பற்றி நம்மவர்கள் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

ஜூமாவின் காரணமாக எழுதப்பட்ட 89ஆம் பிரிவின் விதிமுறைகள் முதன்முதலில் பயன்பட்டது அவருக்குப் பின்வந்த சிறில் ராமபோசாவின் மீது. அவருடைய பாலா பாலா பண்ணையில் சோபாவுக்குள் வைத்திருந்த 5,80,000 டாலர் திருட்டுப்போன விவகாரத்தை, முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு ஆராய்ந்து, முகாந்திரம் இருக்கிறது, மேலே விசாரிக்கலாம் என்று 2022 நவம்பரில் சொன்னது. டிசம்பர் 13 அன்று அவை அந்த அறிக்கையை 148க்கு 214 என்ற கணக்கில் தள்ளியது. இம்முறை இருந்தது தூய்மையான விதிமுறை, மதிப்புள்ள குழு, வெளிப்படையான அறிக்கை. வாக்கெடுப்பு மட்டும் பழையபடியே நடந்தது. ராமபோசா நல்லவர், ஜூமா கெட்டவர் என்று 2016இல் தெருவில் இறங்கிய பலரும் அன்று வாய்மூடி இருந்ததையும் குறிக்க வேண்டும்.

2024 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40 விழுக்காட்டுக்கு இறங்கிப் பெரும்பான்மையை இழந்தது. ஒரே கட்சி உட்கார்ந்து தன் தலைவரைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணிக்கை இப்போது அந்த அவையில் இல்லை. எதிர்க்கட்சி வரிசையின் முதலிடத்தில் இருப்பது ஜூமா கடைசி நேரத்தில் தொடங்கிய கட்சி, 58 இடங்களுடன். தண்டனை பெற்றவர் என்பதால் ஜூமாவால் அங்கே உட்கார முடியாது. அவருடைய ஆட்கள் உட்கார்ந்து, குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்வி சரியானதுதான்.