சாயம் கெடவில்லை, பாறைதான் உரிகிறது

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மாரோஸ்-பங்கெப் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளில் இருக்கும் குகை ஓவியங்கள் பற்றி எப்போது செய்தி வந்தாலும் வயதுதான் தலைப்பு. 2021இல் லியாங் டெடோங்கே குகையின் காட்டுப்பன்றிக்கு 45,500 ஆண்டுகள், 2024இல் லியாங் கரம்புவாங்கில் பன்றியோடு மூன்று மனித உருவங்கள் நிற்கும் காட்சிக்கு 51,200, அதுவும் குறைந்தபட்சமாக. பிரமிப்புதான், ஆனால் அந்தப் படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பல இடங்களில் உருவத்தின் பகுதிகளையே காணோம்.

வெளுத்துப்போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சிவப்பு காவிக்கல், அதாவது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. வெயிலோ வெளிச்சமோ அதை ஒன்றும் செய்யாது. சாயம் ஹேமடைட்தான் என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: கையடக்க எக்ஸ்ரே கருவியை ஓவியத்தின் மேல் வைத்தால் கதிர் மெல்லிய சாயத்தைத் தாண்டிப் பாறைக்குள்ளும் போய்விடும், இரும்போடு சேர்ந்து பின்னால் இருக்கும் கால்சியமும் பதிவாகும். தனிமத்தைத்தான் அது சொல்லும், கனிமத்தை அல்ல. சிவப்பு ஹேமடைட்டா, கோதைட் என்ற மஞ்சள் இரும்புக் கனிமமா என்று பிரித்துச் சொல்ல, ஒளி சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் ராமன் நிறமாலை வேண்டும் (ஆமாம், நம்ம சி.வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த அதே விளைவுதான்).

சரி, அப்படியானால் ஓவியம் எங்கே போகிறது? உப்பு. 2021இல் தொல்லியல் ஆய்வாளர் ஜிலியன் ஹன்ட்லியும் அவர் குழுவினரும் அங்கே 11 இடங்களில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், உரிந்த பாறைச் சில்லுகளில் கால்சியம் சல்பேட், சோடியம் குளோரைடு படிகங்கள் இருந்ததைக் காட்டினார்கள். கிணற்றடிச் சுவரில் உப்பு பூத்து, பூச்சு பொரிந்து, ஒருநாள் பொத்தென்று விழுமே, அதே வேலைதான். மழையில் பாறை நீரை உறிஞ்சுகிறது, வெயிலில் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் உப்பு மேல்தோலுக்கு அடியில் வந்து படிகமாகிறது, படிகம் வளர வளரத் தோலை நெம்புகிறது, கடைசியில் சாயம் ஒட்டியிருக்கும் தோலே சில்லு சில்லாகக் கழன்று விழுகிறது. சாயம் அந்தச் சில்லில் அப்படியே பளிச்சென்று இருக்கும்!

மழையும் வறட்சியும் மாறி மாறிக் கடுமையாக வந்தால் இது வேகமெடுக்கும். எல் நினோ ஆண்டுகள் (பசிபிக் கடல் சூடேறி அங்கே வறட்சி வரும் ஆண்டுகள்) கடுமையாவதை அந்தக் குழு குறிப்பாகக் கவலையோடு சொல்கிறது. குன்றுகளைச் சுற்றியுள்ள நெல் வயல்களும் மீன் பண்ணைக் குளங்களும் காற்றில் ஈரத்தைக் கூட்டுகின்றன. போதாததற்கு சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுவது வேறு.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. காவியில் கரிமம் கிடையாது, கார்பன்-14 முறை உதவாது. ஓவியத்தின் மேல் படிந்த கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிம மொட்டுகளில் யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று அளந்துதான் வயது சொல்கிறார்கள். அந்தத் தோல் விழுந்தால் ஓவியத்தோடு அதன் வயதைச் சொல்லும் ஒரே சாட்சியும் போகிறது. ஒட்டியிருக்கும் உப்பைத் துடைத்தெடுப்பதும் எளிதல்ல, தூரிகை பட்டால் சாயமும் சேர்ந்து வரலாம். அதனால் இன்னும் பழைய ஓவியம் ஒன்றைத் தேடுவதற்கு முன்னால், தெரிந்த குகைகள் அத்தனையையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்து, உள்ளே ஈரப்பதமானி வைத்து, எந்த மாதத்தில் எவ்வளவு உரிகிறது என்று உள்ளூர்க் காவலர்களைக் கொண்டே தொடர்ந்து குறித்து வைக்க வேண்டும். பணம் முதலில் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.