மூன்றாம் கணு: ஒரு மான்ஸ்டெரா நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

பார்சல் காலை பதினொரு மணிக்கு வந்தது. கேரளத்திலிருந்து கோவைக்கு மூன்று நாள். பெட்டியைப் பிரித்ததும் ஈரப்பாசி வாசனை. செய்தித்தாள் சுற்றலுக்குள் ஒரே ஓர் இலை, ஒரு சாண் நீளக் காம்பு, கட்டைவிரல் தடிமனில் ஒரு துண்டுத் தண்டு, அதில் ஒரு கணு, கணுவிலிருந்து தொங்கும் ஒரு விழுது. அவ்வளவுதான். இதற்கு 3,200 ரூபாய். இரண்டு வருடம் ஆசைப்பட்டு, போனஸில் எடுத்து வைத்த பணம்.

நடு நரம்பை எல்லையாக வைத்து இலையின் ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் பால் வெள்ளை. செடிக்காரர்கள் ‘ஹாஃப் மூன்’ என்பது இதைத்தான். வெள்ளைக்குள் பேனாவை உதறிய மாதிரி ஏழெட்டுப் பச்சைத் துளிகள். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெள்ளைப் பாதி வழியாக வெளிச்சம் மஞ்சளாக ஊடுருவுகிறது. கை நிழல் தெரிகிறது.

பெயர் மான்ஸ்டெரா டெலிசியோசா. வெள்ளை விழுந்த இந்த வகைக்கு அல்போ. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள மழைக்காடுகள்தான் பூர்வீகம். டென்மார்க் தாவரவியலாளர் லீப்மன் 1849-ல் பெயர் சூட்டினார். டெலிசியோசா என்பது பழத்தின் ருசிக்காக. நன்றாகப் பழுத்த பிறகு அது தின்னும் பழம். காயாக வாயில் வைத்தால் ஊசி குத்தும். நம் கருணைக்கிழங்கின் குடும்பம்தான், அதே அரிப்பு. தண்டைத் துடைத்த கையை நான் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

2024 ஜூன் 10, திங்கள்

பாசியை ஊறவைத்து, கைக்குள் இறுகப் பிழிந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, கணுவையும் விழுதையும் அதில் படுக்கவைத்தேன். இலை வெளியே. கிழக்கு ஜன்னல், மெல்லிய திரை. வேலை முடிந்தது, ஆனால் அரைமணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

2024 ஜூன் 27, வியாழன்

மனசே சரியில்லை. டப்பாவைத் திறந்தபோது ஊறவைத்த பயறு கெட்டுப்போனால் வருமே, அந்த நாற்றம். விழுதின் நுனி பழுப்பாகிவிட்டது. விரலால் தொட்டதும் தோல் உறை மாதிரி கழன்று வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். பாசியை நான் பிழிந்தது போதவில்லை. ஈரம் வேண்டும் என்ற பயத்தில் தினம் தினம் தெளித்துக்கொண்டும் இருந்தேன். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். அடைந்த ஈரத்தில் வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகிறது.

புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகல் போய் உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை விழுதை வெட்டினேன். வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் பட்டைத் தூள் தடவி, ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, புதுப் பாசியில் வைத்தேன். இந்தத் தடவை, பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழாத பாசி. விழுதில் மிஞ்சியது இரண்டு அங்குலம்.

2024 ஜூலை 21, ஞாயிறு

மூன்று வேர்! வெள்ளையாக, நுனியில் பொடிப்பொடி ரோமத்தோடு. பெரியது என் சுண்டுவிரல் நீளம். கணுவில் இருந்த கண்ணும், அதாவது குருத்து கிளம்பும் மொட்டும், கடலை அளவுக்குப் புடைத்திருக்கிறது.

இனி எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். வருகிற இலையில் வெள்ளை இருக்குமா? அதை இலை சொல்லாது, தண்டு சொல்லும். தண்டில் வெள்ளைக் கோடு ஓடி, அந்தக் கோடு கண்ணின் மேலேயும் போனால் வெள்ளை வர வாய்ப்பு. கண் இருக்கும் பக்கம் முழுப் பச்சையாக இருந்தால், இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கிளம்புவது பச்சைச் செடிதான். வாங்குபவர்கள் இலையின் படத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். தண்டின் படம் அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

இந்தச் செடி உண்மையில் ஒரே உடம்புக்குள் குடியிருக்கும் இரண்டு. தண்டு நுனியில் வளரும் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதில் சில பச்சையம் செய்யத் தெரிந்தவை, சில தெரியாதவை. இரண்டும் அக்கம்பக்கமாகப் பெருகுவதால்தான் இந்தக் கோலம். இதற்குக் கைமேரா என்று பெயர். அந்தச் சொல்லைச் செடிகளுக்கு வைத்தவர் ஜெர்மானியர் ஹான்ஸ் விங்க்ளர், 1907-ல். தக்காளியையும் மணத்தக்காளி இனச் செடியையும் அவர் ஒட்டுக் கட்டியிருக்கிறார். ஒட்டின வாயிலிருந்து ஒரு பக்கம் தக்காளியாகவும் மறுபக்கம் மணத்தக்காளியாகவும் ஒரே குருத்து கிளம்பியதாம். படித்த இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் புழக்கடைச் செடிகள் இரண்டு!

இதனால்தான் அல்போவை நம்பி விதை போட முடியாது, ஆய்வகத்தில் துளித் திசுவிலிருந்து செடி எடுக்கும் திசு வளர்ப்பிலும் இந்தக் கோலம் அப்படியே வராது. தண்டை வெட்டிப் பதியம் போட்டால்தான் உண்டு. தாய்லாந்திலிருந்து வரும் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ வேறு. இளமஞ்சள் புள்ளி தெளித்த அந்த வகை திசு வளர்ப்பிலேயே மாறாமல் வருகிறது. அது ஏராளமாகக் கிடைப்பதற்கும் அதுதான் காரணம்.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. தொட்டிக்கு மாற்றினேன். பொள்ளாச்சித் தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட் என்னும் எடையில்லாத வெள்ளைக் கல்பொரி ஒரு பங்கு, அரைக்கைப்பிடி கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம். மூன்றாவதில்தான் வாளியின் அடி தெரிந்தது.

ஊற்றுவதற்குச் சிறுவாணித் தண்ணீர் மட்டும். எங்கள் போர் தண்ணீர் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கிறது.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

குருத்து விரிகிறது. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது சுருட்டின வெற்றிலை மாதிரி கூர்மையாக நின்றது. நேற்றைவிட ஒரு சுற்று தளர்ந்திருந்தது. சுருளின் வெளிமடிப்பில் பச்சை, உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளைத் தீற்றல். புது இலை ஈரமான ரப்பர் மாதிரி இருக்கிறது, மினுமினுப்பு அடங்கவில்லை. கை பரபரத்தது, ஆனால் பிரித்துவிடக் கூடாது. தானாக விரியாத குருத்தை நகத்தால் பிரித்தால் கிழியும், கிழிசல் கடைசிவரை நிற்கும். பக்கத்தில் தண்ணீர்த் தட்டு வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

2024 செப்டம்பர் 5, வியாழன்

முழுசாக விரிந்துவிட்டது. உள்ளங்கை அளவு. துளையோ பிளவோ இல்லை, குழந்தை இலை. பச்சைதான் அதிகம், நடுவில் ஓர் ஆற்று வடிவில் வெள்ளை.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

மழை தொடங்கியிருக்கிறது. விடியற்காலையில் இலை நுனியில் ஒரு துளி தொங்கியது. நான் தெளித்தது இல்லை. இரவெல்லாம் வேர் இழுத்த தண்ணீர் போக வழியில்லாமல் நுனி வழியாகக் கசிகிறது. தொட்டி ஈரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இன்று தண்ணீர் ஊற்றவில்லை.

இரண்டாவது இலை சரிபாதி வெள்ளை. இத்தனைக்கும் நடுவே ஒரு வருத்தம். முதன்முதலில் வந்த அந்த ஹாஃப் மூன் இலையின் வெள்ளைப் பாதி ஓரத்திலிருந்து காபிக் கறை மாதிரிப் பழுப்பாகிக்கொண்டு வருகிறது. சிலிக்கா போடு, ஈரப்பதக் கருவி வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நல்ல வெளிச்சமும் சீரான ஈரமும் பழுப்பைத் தள்ளிப்போடும். ஆனால் பச்சையம் இல்லாத திசு தனக்குத் தானே ஒரு கவளம்கூடச் சமைத்துக்கொள்ள முடியாது. பச்சைப் பாதி போடுவதைத் தின்றுதான் இருக்கிறது, முதலில் போவதும் அதுதான். பழுப்பை நான் நறுக்கவில்லை. பக்கத்திலுள்ள பச்சை இன்னும் உழைக்கிறது.

2024 நவம்பர் 10, ஞாயிறு

பரமத்தி வேலூரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். முப்பது வருடம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போனார். செடியைக் கம்பத்தோடு சேர்த்து நான் கட்டியிருந்த பச்சை பிளாஸ்டிக் கம்பியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“கண்ணு, இதென்ன கழுத்த நெரிச்சு வெச்சிருக்கற? தண்டு பெருக்கறப்ப அறுத்துப்போடுமே.”

“நார் இங்க எங்கப்பா கிடைக்குது?”

சாயங்காலம் பூக்கடையிலிருந்து ஒரு கத்தை வாழைநார் வாங்கி வந்துவிட்டார். தண்ணீரில் நனைத்து, நீளவாக்கில் கிழித்து, தண்டையும் கம்பத்தையும் சேர்த்து எட்டுப் போல ஒரு சுற்று, தளர்வாக ஒரு முடிச்சு. இலைக்காம்பைக் கட்டவே கூடாது, அது வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும், தண்டை மட்டும்தான் என்றார். அகத்தியில் வெற்றிலைக் கொடியை ஒரு சாணுக்கு ஒரு கட்டுப் போட்டே பழகின விரல்கள். மூன்று கட்டும் முடிய இரண்டு நிமிடம் ஆகவில்லை. விழுது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கம்பத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் இத்தனை நாள் தொட்டியைத் திருப்பி வைத்திருந்தேன்.

வெற்றிலை மிளகுக் குடும்பம், இது சேம்புக் குடும்பம். இரண்டுக்கும் சொந்தமில்லை, ஆனால் பிழைப்பு ஒன்று. இரவு அவருக்கு ஒரு விஷயம் சொன்னேன். கோஸ்டாரிகா காட்டில் மான்ஸ்டெராவின் ஓர் இனத்தை ஆராய்ந்த இருவர் 1975-ல் எழுதினார்கள்: விதையிலிருந்து முளைத்த கன்று வெளிச்சத்தை நோக்கிப் போவதில்லை, இருட்டை நோக்கித் தரையில் ஊர்கிறது. காட்டில் அடர்ந்த இருட்டு என்றால் அங்கே பெரிய அடிமரம் நிற்கிறது என்று அர்த்தம். மரத்தைத் தொட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு ஏறுகிறது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நாங்க அகத்தியை முன்னாடியே வளத்துக் குடுத்துர்றோம். அது பாவம், தானே தேடுது” என்றார்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

காற்று காய்ந்துவிட்டது. மூன்றாவது இலை டிசம்பரில் வந்தது, முக்கால் வெள்ளை. நான்காவது போன வாரம், ஒரு துளி பச்சை இல்லை. தண்டிலும் மூன்றாம் கணுவுக்கு மேலே பச்சைக் கோடு மெலிந்து மெலிந்து அழிந்தேவிட்டது. (நட்ட துண்டின் கணுவை ஒன்று என்று எண்ணுகிறேன்.)

இதற்கிடையில் செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி. இலையின் அடியில் ஊசிமுனைப் புள்ளிகள், காம்பு மடிப்பில் மெல்லிய நூலாம்படை. குழாயடியில் ஒவ்வோர் இலையாக அடிப்பக்கம் கழுவி, சோப்புத் தண்ணீரில் கலந்த வேப்பெண்ணெயைக் காலையிலேயே அடித்துவிட்டு ஜன்னலில் வைத்தேன். அது என் பிழை. எண்ணெய் காய்வதற்குள் வெயில் பட்டு, முழு வெள்ளை இலையில் நாலு இடம் தீய்ந்துவிட்டது. இனி எண்ணெய் என்றால் பொழுது சாய்ந்த பிறகுதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டை பொரித்து வருவதையும் பிடிக்க வேண்டுமே.

2025 மார்ச் 9, ஞாயிறு

ஐந்தாவது இலையும் முழு வெள்ளை. பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கொண்டாடுகிறார்கள். நேற்று வந்த தோழி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனாள். உண்மையிலேயே அழகுதான். சாயங்கால வெளிச்சத்தில் சாமி விளக்கின் முன் வைத்த மல்லிகைச் சரம் மாதிரி நிற்கிறது. ஆனால் முந்தைய இலை இரண்டு சாண் விரிந்தது, இது ஒன்றரைச் சாண்கூட இல்லை. காம்பும் மெலிவு. கீழே இரண்டே இரண்டு இலை சமைத்து மூன்று இலைக்கு ஊட்டுகின்றன, அந்த மூன்றில் ஒன்றில் கால்வாசிப் பச்சை. அந்த பாதி நிலா இலை பொங்கலுக்கே காய்ந்து விழுந்துவிட்டது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். வீடியோவில் தண்டைக் கீழிருந்து மேலாகக் காட்டச் சொன்னார். மெதுவாக, மெதுவாக என்றார்.

“மேல இருக்கறது வெறும் வாய் கண்ணு. அங்கிருந்து இனிப் பச்சை வராது. விதைக்கொடி எடுக்கறப்ப நாங்க கணு பாத்துத்தான் வெட்டுவோம். எந்தக் கணுவுல ரெண்டும் இருக்குதோ, அதுக்கு மேல வெட்டு.”

ரெண்டும் இருப்பது மூன்றாம் கணுவில். அதற்கு மேலே வெட்டினால் மூன்று இலை போகும்.

2025 மார்ச் 16, ஞாயிறு

வெட்டிவிட்டேன். காலை ஏழு மணிக்கு, மூன்றாம் கணுவுக்கு மேலே ஒரு விரல்கடை விட்டு. பிளேடு போகும்போது வெள்ளரிக்காய் நறுக்குகிற சத்தம். வெட்டுவாயில் கண்ணாடி மாதிரி நீர் முத்துமுத்தாகக் கோர்த்தது. அப்பா கட்டின மேல் முடிச்சை அவிழ்த்தபோதுதான் அழுகை வந்தது.

முக்கால் வெள்ளை இலையை அதன் கணுவோடு தனியாக நறுக்கிப் பாசியில் வைத்திருக்கிறேன், கால்வாசிப் பச்சை இருப்பதால் ஒரு வாய்ப்பு. முழு வெள்ளை இரண்டும் கண்ணாடிக் குடுவையில், சாமி அறை வாசலில். வேர் பிடிக்காது என்று தெரிந்துதான் வைத்தேன். இருக்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில் 38-ஐத் தாண்டுகிறது. தொட்டியை ஜன்னலிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளியிருக்கிறேன். தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகு.

குடுவையிலிருந்த வெள்ளை இலைகளில் ஒன்று மூன்றாம் வாரம் துவண்டது, இன்னொன்று போன திங்கள். பாசியில் வைத்தது அப்படியே நிற்கிறது. வேர் இல்லை, அழுகலும் இல்லை.

மூன்றாம் கணுவில் கண் உடைந்திருக்கிறது. புதன்கிழமை உளுந்து மாதிரிப் புடைப்பு, இன்று கிளி மூக்கு மாதிரிக் கூர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உறை பச்சை. அதன் இடது ஓரமாக அடியிலிருந்து நுனிவரை தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் இரண்டு இடம் அறுந்து, மறுபடி தொடர்கிறது.

படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். “நார் இன்னும் இருக்குதா, இல்ல நான் கொண்டாறட்டுமா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு சாண் வளர்கிறவரை கட்ட வேண்டாம் என்றார்.

இன்று மாலை அளந்தது: ஒன்றேகால் சென்டிமீட்டர்.