விளக்குக் கம்பத்துப் பூனை

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் பக்கத்து விளக்குக் கம்பத்தில் நெருக்கமாக ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவற்றை வெறும் குப்பை என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் ஒற்றைக்கண் பூனை. கம்பத்தில் கண்ட அதே பூனையை மறுவாரம் பாலத்தின் கைப்பிடியிலும், பிறகு போக்குவரத்துப் பலகையொன்றின் பின்புறத்திலும் கண்டபோது, யாரையும் தெரியாத ஊரில் தெரிந்த முகம் அகப்பட்டதுபோல் இருந்தது. வழி தவறிய ஒரு மாலையில், அந்தப் பூனையை வைத்தே திரும்ப வேண்டிய தெருவைக் கண்டுபிடித்தேன்.

ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டுவதுதான் ஸ்டிக்கர் கலை என்னும் இந்தத் தெருக்கலையின் உயிர் என்பது பின்னர்தான் விளங்கியது. 1989-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கலை மாணவராக இருந்த ஷெப்பர்ட் ஃபேரி, மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயண்டின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஒட்டத் தொடங்கினார். எந்தப் பொருளையும் விற்காத அந்த முகம் ஊர் ஊராகப் பரவி, பார்த்தவர்களை 'இது எதற்கு?' என்று கேட்க வைத்தது. 2008-இல் ஒபாமாவை வரைந்த சுவரொட்டியால் ஃபேரி உலகறிந்தவரானார். எனக்கு அந்தப் பழைய ஸ்டிக்கரே பெரிதாகத் தெரிகிறது.

சுவரில் ஸ்பிரே அடிக்க நேரம் பிடிக்கும். ஸ்டிக்கரையோ வீட்டில் பொறுமையாக வரைந்து, நடக்கிற நடையில் ஒட்டிவிடலாம் (அனுமதியின்றி ஒட்டுவது பல நகரங்களில் குற்றம்தான்). அமெரிக்க அஞ்சல் துறை இலவசமாகத் தரும், பசையுள்ள முகவரிச் சீட்டுகளில் வரைபவர்களும் இருக்கிறார்கள். 'எக்‌ஷெல்' என்ற வகையை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முழுதாக உரியாமல், முட்டை ஓடு நொறுங்குவதுபோல் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. எளிதில் கிழித்தெறிய முடியாதபடி அப்படித் தயாரிக்கிறார்கள். அதன் அருகே சாதாரணக் காகிதத்தில் இருந்த பறவையோ மழையில் ஊறி, மை வழிந்து, சிறகை இழந்திருந்தது.

பிறர் ஒட்டியதன்மேல் ஒட்டாதிருப்பது ஸ்டிக்கர் கலைஞர்களிடையே எழுதப்படாத மரியாதை. விளம்பரம் ஒட்டுபவர்களுக்கு அது தெரிவதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சென்ற வாரம் பூனையின்மேல் ஒரு விளம்பரம் ஏறிவிட்டது. ஒரு காதும் பாதிக் கண்ணும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பேருந்து வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.