மை வைக்காத விரல்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் குடியுரிமை பெற்ற பிறகு வந்த முதல் மாநிலத் தேர்தலில், பெயரையும் முகவரியையும் கேட்டுச் சரிபார்த்து வாக்குச்சீட்டைக் கொடுத்த பெண்மணியிடம் நான் பழக்கதோஷத்தில் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். விரலில் அடிபட்டிருக்கிறதா என்று அவர் பரிவோடு விசாரித்தார். மை வைப்பதைப் பற்றி விளக்கப் போய், பின்னால் நின்றவர்கள் பொறுமையிழப்பதைக் கண்டு, அவர் காட்டிய பென்சிலை நோக்கி நகர்ந்தேன். பென்சிலில் ஓட்டுப் போடுவதை ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்?

பள்ளி வாசலில் ஸாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். சைவமென்று சொன்னதும் ரொட்டிக்குள் வதக்கிய வெங்காயத்தை மட்டும் வைத்துத் தந்தார்கள். அதைத் தின்றபடி, எண்பதைக் கடந்த என் பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்தேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியும் எனக்கு இன்னும் நா எழவில்லை.

அவருடைய முதல் ஓட்டு 1962 மார்ச் 3 அன்று விழுந்தது. வுட்வில்லில் ஹோல்டன் கார் ஆலைத் தொழிலாளியாக இருந்த அவர், தொழிற்கட்சிக்குப் போட்டார். மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் அதே கட்சிக்குத்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் மறுநாள் முதல்வர் தாமஸ் பிளேஃபோர்ட்தான். அதற்கடுத்த மூன்று ஆண்டுகளும் அவரேதான். "கணக்குத் தெரியாதவர்களா நாங்கள்?" என்று பெரியவர் அறுபது வருடம் கழித்தும் நடைபாதையில் நின்று கேட்டார்.

கணக்கு இப்படிப் போயிற்று. 1936-இல் போட்ட சட்டப்படி கீழவையில் 39 இடங்கள். அவற்றில் 26 நாட்டுப்புறத்துக்கு, 13 மட்டும் அடிலெய்டுக்கு. மக்களோ பெரும்பகுதி நகரத்தில். ஆகவே தொழிற்கட்சி நகரத் தொகுதிகளில் ஓட்டுகளை மலையாகக் குவித்தும் பயனில்லை. ஆடும் கோதுமையும் நிறைந்த தொகுதியில் ஒரு சிலர் போட்ட ஓட்டு அதற்கு ஈடாகிவிடும். 1962-இல் தொழிற்கட்சிக்கு 19, பிளேஃபோர்டின் கட்சிக்கு 18, சுயேச்சைகள் இருவர். அந்த இருவரும் பிளேஃபோர்டின் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களில் டாம் ஸ்டாட் சபாநாயகர் ஆனார். தொகுதிகளைத் தமக்குச் சாதகமாக வெட்டிக்கொள்வதை 'ஜெரிமாண்டர்' என்பார்கள்; அதோடு பிளேஃபோர்டின் பெயரை ஒட்டி இந்த ஏற்பாட்டுக்குப் 'பிளேமாண்டர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் சட்டம் வந்தபோது பிளேஃபோர்ட் முதல்வரே அல்லர். பதவிக்கு வந்தது 1938-இல். யாரோ நட்ட மரத்தின் நிழலில் 26 ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சரி. மலைப்பக்கத்து செர்ரித் தோட்டக்காரர் அவர். தனியார் மின் நிறுவனத்தை அரசுடைமையாக்கியதும் அவரே என்பதைப் பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பன் பாட்டன் சொத்தா போயிற்று? ஆனாலும் வந்தது, அப்படியென்றால் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் போலிருக்கிறது என்று உள்ளூர ஒரு பெருமிதமும் எழுந்தது.

அது நெடுநேரம் நிலைக்கவில்லை. 1962 என்றதும் என் மனம் காஞ்சிபுரத்துக்கே போய்விட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரியில், சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தும், அண்ணா சொந்த ஊரான காஞ்சியிலேயே தோற்றார். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று தறியில் இருந்த பாவு அப்படியே நின்றதையும், தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பின்பே திரும்பியதையும், பாட்டி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததையும் அப்பா நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

இரவு தொலைபேசியில் பெரியவரின் கதையை அப்பாவிடம் சொன்னேன். 26, 13, 19, 18 என்று நான் அடுக்கிய எண்களை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தத் தொழிற்கட்சிக்குத் தலைவர் யாருப்பா?"

"ஃபிராங்க் வால்ஷ். 1965-இல் 21 இடங்களோடு முதல்வராகிவிட்டார்."

"அதை விடு. அறுபத்திரண்டில் அவர் தொகுதியில் அவர் ஜெயிச்சாரா?"

ஜெயித்தார் என்றேன்.

"அப்புறம் என்ன குறை அவங்களுக்கு?" என்றார் அப்பா.