வட்டத்தில் சொன்னது

பிப்ரவரி 3, 2024, சனி

இன்று பயிற்சியின் முதல் நாள். நாங்கள் ஒன்பது பேர். ஒருவர்கூட வக்கீலோ மனநல ஆலோசகரோ இல்லை. பிறந்த நாட்டை விட்டு வந்தவர்கள் என்பதுதான் எங்கள் தகுதி. பயிற்சி முடிந்ததும், எங்களைப் போலவே வந்து சேர்ந்த பெண்களோடு மாதம் இருமுறை வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றித்தான்.

முதலில் கையில் கொடுத்தது ஒரு சக்கரத்தின் படம். அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் 1984-ல் உருவானது. வன்முறைக்கு ஆளான 200-க்கும் மேற்பட்ட பெண்கள் குழுக்களாக உட்கார்ந்து பேசியதிலிருந்து எடுத்து வரைந்திருக்கிறார்கள். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். அங்கிருந்து எட்டு ஆரங்கள் கிளம்புகின்றன: மிரட்டுவது, ஆட்களிடமிருந்து பிரித்து வைப்பது, பணத்தைக் கண்ணில் காட்டாதது, பிள்ளைகளை வைத்துப் பயமுறுத்துவது என்று. அடியும் உதையும் வெளி விளிம்பில்தான் இருக்கின்றன. நாற்பது வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெண்கள் வாய் திறந்திருக்காவிட்டால் இந்தப் படம் இல்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடியேறியவர்களுக்காக மாற்றி வரைந்த சக்கரமும் உண்டு. பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, விசா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்பது, அந்த நாட்டு மொழியைப் படிக்க விடாதது, "போலீசைக் கூப்பிட்டால் உன்னைத்தான் திருப்பி அனுப்புவார்கள்" என்பது.

பிப்ரவரி 10, சனி

பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க உகாண்டாவில் கம்பாலா நகரத்தில் நடந்த சாசா முயற்சியைப் பற்றி இன்று கேட்டோம். ஸ்வாஹிலியில் சாசா என்றால் 'இப்போது'. அந்தந்தப் பகுதியில் வாழும் சாதாரண ஆண்களும் பெண்களும்தான் அண்டை வீட்டாரிடம் பேச்சைத் தொடங்கினார்கள். 2014-ல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பகுதிகளில் பெண்கள் மீது துணைவர்கள் செய்த உடல் வன்முறை, மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. புலம்பெயர்ந்தவர்களின் கதை வேறுதான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இன்னொன்றைத் தனியாக எழுதி வைக்கிறேன். கழுத்தை நெரித்தார் என்று ஒரு பெண் சொன்னால், தழும்பு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு முறை நெரித்தவர் பின்னால் கொலை செய்யும் ஆபத்து ஏழு மடங்கு அதிகம் என்று 2008-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பிரிந்து போகிற நேரமும் ஆபத்தான நேரம். அதனால் "கிளம்பி வந்துடு" என்று சட்டென்று சொல்வதும் தப்பு. "அனுசரிச்சுப் போ" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மார்ச் 2, சனி

முதல் வட்டம். ஏழு பெண்கள். யார், எங்கிருந்து வந்தவர்கள், எத்தனை பிள்ளைகள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

"வீட்டில் அடிப்பாரா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால், "உங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "அவர்கிட்டதான் இருக்கும். எங்கேன்னு கேட்டதில்லை" என்றார். இன்னொருவர் தன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை என்றார். பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது.

மார்ச் 16, சனி

சட்டம் பற்றிய பேச்சு. நாட்டுக்கு நாடு மாறுவதால், தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் இலவசச் சட்ட உதவியில் கேட்கச் சொன்னோம். கனடாவில் 2012-ல் ஒரு விதி வந்தது. துணைவர் வழியாகக் குடியேறிய பலர் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தும், அது தெரியாமல் பயந்து இருந்தவர்கள் உண்டு. 2017-ல் விதியையே நீக்கினார்கள். பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பாவின் இஸ்தான்புல் உடன்படிக்கையில் 59-ஆம் பிரிவு, வன்முறைக்கு ஆளானவருக்குத் தனி வசிப்பு அனுமதி பற்றிச் சொல்கிறது. இதைக் கேட்டதும் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ கணவரையும் உறவினரையும் பிள்ளைகளையும் மொழிபெயர்க்க விடக் கூடாது என்பதையும் பேசினோம். எட்டு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு விழுந்த அடியை இன்னொரு மொழியில் சொல்ல வேண்டியிருந்தால், அது அந்தப் பிள்ளைக்கும் விழுகிற அடி.

ஏப்ரல் 6, சனி

ஒருவர் வரவில்லை. காரணம் நான்.

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அவருடைய நாத்தனார். அக்கறையில், "இப்போ வீட்டில் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. "என்ன பரவாயில்லை?" என்று நாத்தனார் திரும்பினார். "காய்ச்சல் இருந்ததே" என்று அவரே சமாளித்தார்.

ஒரே ஊர்க்காரர்கள் என்பதால்தான் எங்களிடம் மனம் திறக்கிறார்கள். அதே காரணத்தால்தான் எங்களால் அவர்களுக்கு ஆபத்தும். எங்கள் வட்டத்தில் ஒரு வாய் தவறினால் அது மாமியார் காது வரை போகும், கடல் தாண்டியும் போகும். வட்டத்தில் சொன்னது வட்டத்துக்குள் என்று முதல் நாளே எல்லோரிடமும் வாக்கு வாங்கியவள் நான்.

அவரைக் கூப்பிட்டுப் பேசவும் முடியாது. அவர் போனை வேறொருவர் பார்க்கிறார். காத்திருக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

இன்றும் வரவில்லை. மற்றவர்களிடம், பெயர் சொல்லாமல், என் தவறை மட்டும் சொன்னேன். சேர்ந்து ஒரு விதி வைத்தோம்: வெளியே பார்த்தால் நாங்களாகப் பேச மாட்டோம். அவர்கள் சிரித்தால் சிரிப்போம்.

ஆண்களுக்கும் ஒரு வட்டம் தொடங்கியிருக்கிறார்கள், நடத்துவதும் ஆண்கள்தான். வேலை போன கவலையைப் பேச வந்த ஒருவர், கோபம் மேலதிகாரியிடம் வருவதில்லை, வீட்டில் மட்டும்தான் வருகிறது என்று தானே சொன்னாராம். அதை விட்டுவிடாமல் பிடித்துப் பேசுவார்கள் என்று நம்புகிறேன். வேலை போனதைக் காரணமாக ஏற்றுக்கொண்டால் அந்த வட்டத்தால் பயனில்லை.

மே 4, சனி

வந்தார். கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். முடிந்ததும் மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நாத்தனார் நம்பிட்டாங்க. ஆனா ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை அக்கா," என்றார். பிறகு பாஸ்போர்ட்டின் நகலை எங்கே வைத்தால் பத்திரம் என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். இடத்தை அவரே முடிவு செய்தார்.